கடலுக்குப் போனா நனையணும்!

காஸ்டிங் பேப்பர், இன்டர்னல், ரெக்கார்டு நோட்டுன்னு ஏகப்பட்ட ஆணி. அதான் ரொம்ப நாளா எதுவும் எழுத முடியல. (எழுதலைன்னு யாரும் அழல, அது வேற விஷயம்.)

கிளாஸ்ல ரெண்டு பேர் லீவுக்குக் குடும்பத்தோட வெளிநாட்டு பீச்சுக்குப் போறாங்களாம். "நீதான் போன மே மாசம் இலங்கை போயிட்டு வந்தியே, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு ஒரு லிஸ்ட் குடுடா"ன்னு கேட்டாங்க. லிஸ்ட் கடைசியில தர்றேன். அதுக்கு முன்னாடி என் கருத்தைச் சொல்லிடறேன். கருத்து சொல்லாம இருக்க நமக்கு வராதே.

நம்ம ஊர்க்காரங்க கடலுக்குப் பெட்டி கட்டுறதே தப்பு. போட்டோவுக்குக் கட்டுறோம். சாப்பாட்டுக்குக் கட்டுறோம். சொந்தக்காரங்களுக்கு எதாவது வாங்கிட்டு வரணும்னு காலி இடம் விட்டுக் கட்டுறோம். நனையறதுக்கு மட்டும் கட்டறதில்ல. அதுலயும் பெட்டி கட்டுற ஆளு, அதாவது அம்மா, நனையவே மாட்டாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் கட்டுறோம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

நான் தர்மபுரிக்காரன். எங்க மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் கிளம்பினாலும் பஸ்ல அஞ்சாறு மணி நேரம் உக்காந்தாத்தான் அலையைப் பாக்கலாம். எங்களுக்குத் தண்ணின்னா காவிரி, அதாவது ஒகேனக்கல். வெளியூர்க்காரங்களுக்கு அது பரிசல், மீன் வறுவல், எண்ணெய் மசாஜ். உள்ளூர்க்காரங்களுக்கு அது கூடவே சுழலும், வழுக்குப் பாறையும். நான் அஞ்சாவது படிக்கிறப்போ எங்க தெருவுல ஒரு அண்ணன் ஆத்துக்குப் போனவர் திரும்பி வரல. அதுக்கப்புறம் எங்க வீட்டுல தண்ணிங்கற வார்த்தையை எடுத்தாலே "ஜாக்கிரதை"ங்கற வார்த்தையும் கூடவே வரும்.

இது பத்தாதுன்னு அம்மாவுக்குச் சின்ன வயசுலயே ஒரு ஜோசியர் "தண்ணியில கண்டம்"னு சொல்லிட்டாராம். அவர் போயே பல வருஷம் ஆச்சு. கண்டம் மட்டும் அப்படியே இருக்கு.

எங்க குடும்பம் இதுவரைக்கும் நாலு கடல் பாத்திருக்கு. மெரினா, வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, ராமேஸ்வரம். நாலுலயும் போட்டோ இருக்கு. மூணு போட்டோவுல அம்மா ஒரே மாதிரிதான் நிக்கறாங்க. ஒரு கையில எல்லாரோட செருப்பு, இன்னொரு கையில அப்பாவோட வாட்ச், பர்ஸ், தோள்ல ஒரு பை, அதுக்குள்ள எல்லாருக்கும் மாத்துத் துணி. அவங்களுக்கு மட்டும் மாத்துத் துணி இல்ல. நனையாதவங்களுக்கு எதுக்கு மாத்துத் துணி?

ராமேஸ்வரம் மட்டும் வேற கதை. தாத்தாவுக்குத் திதி குடுக்கப் போனப்போ அக்னி தீர்த்தத்துல அம்மா புடவையோட மூணு முழுக்கு போட்டாங்க. "அம்மா, கண்டம் என்னாச்சு?"ன்னு கேட்டேன். "அது சாமி காரியம்டா, ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லயும் அப்படித்தான், தலை நனைய ஒரு குளியல்.

அன்னைக்குச் சிரிச்சுட்டு விட்டுட்டேன். இப்போ யோசிச்சா சிரிப்பு வரல. புண்ணியத்துக்குன்னா முழுகலாம், செத்தவங்களுக்காகன்னா முழுகலாம், சந்தோஷத்துக்குன்னா கூடாது. இந்தச் சட்டத்தை யார் எழுதினாங்க? அதுவும் ஏன் அம்மா, சித்தி, அத்தைகளுக்கு மட்டும்? அப்பா மெரினாவுல பேண்ட்டை முட்டி வரைக்கும் மடக்கிட்டு இறங்கினப்போ யாரும் ஜோசியம் பாக்கலையே?

சரி, மேட்டருக்கு வருவோம்.

அக்கா பெங்களூர்ல வேலைக்குச் சேந்து மூணு வருஷம் ஆச்சு. "இந்த வருஷம் போனஸ்ல எல்லாரையும் ஒரு தடவை பிளைட்ல கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டா. அப்பா, அம்மா, அக்கா, நான், சித்தி, சித்தி பையன். மொத்தம் ஆறு பேர், ஆறு புது பாஸ்போர்ட். நம்ம பக்கத்துல இருக்கற வெளிநாடு, போனா தமிழ்லயே பேசலாம், நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க ரூபாய் மூணுக்கு மேல கிடைக்கும். அதனால இலங்கை.

நான் உடனே மிரிஸ்ஸ, உனவட்டுனன்னு தெற்குக் கரை போட்டோவெல்லாம் காட்டினேன். அக்கா ஒரே கேள்வி கேட்டா: "மே மாசம் அங்க காத்து எப்படிடா?" மாட்டிக்கிட்டேன். அந்தத் தீவுல ரெண்டு பருவக்காத்து, ரெண்டு சீசன். மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து. அப்போ கொழும்புல இருந்து தெற்கு வரைக்கும் கடல் கொந்தளிப்பா இருக்கும், அதே நேரம் கிழக்குக் கரை அமைதியா இருக்கும். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தெற்கும் மேற்கும் நல்லா இருக்கும், கிழக்குல வடகிழக்குப் பருவமழை தொந்தரவு. காலேஜ் லீவு மே மாசம்னா உங்களுக்குக் கிழக்குக் கரைதான், அதாவது திருகோணமலை. போட்டோவைப் பாத்து பீச் முடிவு பண்ணாதீங்க, மாசத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க. பேக்கிங்ல முதல் ஐட்டமே இதுதான்.

கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி எங்க வீட்டு ஹாலைப் பாத்திருக்கணும் நீங்க. புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, ராகி மாவு, நிலக்கடலை உருண்டை, ஊறுகாய் பாட்டில், குட்டி ரைஸ் குக்கர், ஆறு போர்வை, சித்திக்கு மூணு பட்டுப் புடவை ("கோணேஸ்வரம் கோயிலுக்குப் போறோமில்ல?"), ஒரு கொப்பரைத் தேங்காய் பொட்டலம். கொப்பரையைப் பாத்ததும் அக்கா பதறிட்டா. எண்ணெய்ச் சத்து அதிகம், தானா சூடாகித் தீப்பிடிக்கலாம்னு அதை செக்-இன் பெட்டியில விட மாட்டாங்க. 2022லயே தடை லிஸ்ட்ல சேத்துட்டாங்க. அம்மா நம்பவே இல்ல. "தேங்காய் வெடிக்குமா? யாருகிட்ட கதை விடற?"

பி.காம் படிக்கறதுக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா? நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பொருளுக்கும் டிக்கெட்டுல எடை மட்டும் செலவில்ல, இன்னொரு செலவும் இருக்கு. அதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். கரைக்கு அஞ்சு பை எடுத்துட்டுப் போனா அஞ்சு பைக்குக் காவல். அந்தக் காவலுக்குச் சம்பளம் கிடையாது, அதனால எந்தக் கணக்குலயும் வராது. ஆனா அந்த ஆள் இழக்கறது ஒரு முழு கடல். ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்னு மூணு வருஷமா பாடத்துல படிக்கிறேன். அது எங்க அம்மா கையில செருப்பா தொங்கிட்டு இருந்ததை இப்போதான் பாத்தேன்.

அக்கா இன்னொரு குண்டும் வச்சிருந்தா. பெட்டிக்குள்ள இருந்து ஒரு கவரை எடுத்தா. கருநீலத்துல முழுக்கை டி-ஷர்ட்டு, கணுக்கால் வரைக்கும் டிராக் பேண்ட்டு, ரெண்டும் சீக்கிரம் காயற துணி. அம்மாவுக்கு ஒரு செட், சித்திக்கு ஒரு செட். அவ்வளவுதான், வீட்டுல ஒரே பூகம்பம்.

"இதைப் போட்டுட்டு நான் வெளிய வரணுமா? யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"யாரும்மா பாக்கப் போறா? அங்க நம்மளை யாருக்கும் தெரியாது."

அப்பா நடுவுல வந்து, "அவளுக்கு இஷ்டமில்லைன்னா விட்டுடுங்க, எதுக்கு வற்புறுத்தறீங்க?"ன்னார். நியாயமாத்தான் தெரிஞ்சுது. ஆனா அக்கா விடல. "இஷ்டமில்லையா, இல்ல இதுவரைக்கும் யாரும் கேக்கவே இல்லையாப்பா?"ன்னு திருப்பிக் கேட்டா. அப்பா பதில் சொல்லல. அந்தக் கவர் பெட்டிக்குள்ள போச்சு. ரைஸ் குக்கர் வெளிய வந்துது.

கொழும்புல இறங்கி, அங்கிருந்து வேன்ல திருகோணமலை போய்ச் சேரவே பகல் முடிஞ்சிடுச்சு. வெசாக் சமயம்ங்கறதால வழி முழுக்க காகிதக் கூண்டு விளக்கு. திருகோணமலைக்கு வடக்கே கொஞ்ச தூரத்துல உப்புவெளி, அதைத் தாண்டினா நிலாவெளி. நிலாவெளியில ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ். காலையில இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அம்மா முகத்துல முதல் தடவையா நிம்மதி. பருப்புப் பொடிக்கு வேலையே இல்லாம போச்சு. ("இதுக்கா அவ்ளோ கஷ்டப்பட்டு இடிச்சேன்?")

அந்த வீட்டு அம்மாகிட்டத்தான் எங்க அம்மா முதல்ல கேட்டாங்க, கடல் பயமில்லையான்னு. "பயப்பிடாதீங்கோ, காலமையில இந்தக் கடல் குளம் மாதிரித்தான் இருக்கும். இடுப்பளவுக்கு மேல போகாதீங்கோ"ன்னாங்க. அப்புறம்தான் பேச்சுவாக்குல தெரிஞ்சுது, 2004 டிசம்பர் 26 சுனாமியில அவங்க தங்கச்சி போயிட்டாங்கன்னு. அதுக்கு முன்னாடியும் அதுக்கப்புறமும் 2009 வரைக்கும் யுத்தம். கரைக்கு வரவே முடியாத வருஷங்களும் இருந்துதாம். "இப்ப என்ர பேரப்பிள்ளையள் ஒவ்வொரு நாளும் குளிக்கினம்"னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்குத் தேங்காய் துருவப் போயிட்டாங்க. அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசல.

மறுநாள் காலையில ஆறரை மணி. அம்மா வழக்கம் போல செருப்பையெல்லாம் பொறுக்க ஆரம்பிச்சாங்க. அப்போதான் நான் சொன்னேன், "இன்னைக்கு நான் உக்காந்துக்கறேன். நீங்க போங்க"ன்னு.

பெரிய தியாகின்னு நினைச்சுக்காதீங்க. அக்கா முந்தின ராத்திரியே மிரட்டி வச்சிருந்தா. அது வேற விஷயம்.

நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன் மக்களே. என் வாழ்க்கையில இவ்ளோ போரடிச்ச நாப்பது நிமிஷம் கிடையாது, ஆடிட்டிங் கிளாஸையும் சேத்துத்தான் சொல்றேன். ஆறு ஜோடி செருப்பு, நாலு போன், ஒரு பர்ஸ். எந்திரிச்சா பயம், உக்காந்தா மணல். தூரத்துல எல்லாரும் சிரிக்கறாங்க, என்ன ஜோக்குன்னு கேக்காது. இருபத்தோரு வயசுல எனக்கு நாப்பது நிமிஷமே தாங்கல. அம்மா இதை மெரினாவுல ஒரு முழு சாயங்காலம் பண்ணிருக்காங்க. கன்னியாகுமரியில பண்ணிருக்காங்க. ஒரு தடவை கூட போரடிக்குதுன்னு சொன்னதில்ல.

தண்ணியில அம்மா முதல்ல கணுக்கால் வரைக்கும்தான் நின்னாங்க. அக்கா ஒரு கை, சித்தி ஒரு கை. ஒரு அலை வந்து முட்டியில அடிச்சுது. திரும்பி ஓடி வந்துடுவாங்கன்னுதான் நினைச்சேன். ஓடல. இன்னும் ரெண்டு அடி உள்ள போனாங்க. இடுப்பு வரைக்கும். அப்புறம் ஒரு அலையில மூணு பேரும் சேந்து உக்காந்துட்டாங்க, தலை முழுக்க நனைஞ்சுது. எந்திரிச்சு அம்மா என்னைப் பாத்துக் கையை ஆட்டினாங்க. அந்த போட்டோ என்கிட்ட இல்ல. போன் பைக்குள்ள இருந்துது, எடுக்கத் தோணல.

இப்போ உங்கள்ல சிலர் கேப்பீங்க: "இதுக்கு எதுக்குடா கடல் தாண்டிப் போகணும்? மாமல்லபுரத்துலயும் இதே உப்புத் தண்ணிதானே?"

நல்ல கேள்வி. நேர்மையா பதில் சொல்லணும்னா, தண்ணி ஒண்ணுதான். அங்க பாக்கற கண்ணு வேற. அம்மாவை அங்க யாருக்கும் தெரியாது. கருநீல டி-ஷர்ட்டைப் பாத்து "இந்த வயசுல இதெல்லாம் தேவையா"ன்னு கேக்க ஒரு அத்தை இல்ல, ஊர்ல போய்ச் சொல்ல ஒரு பக்கத்து வீடு இல்ல. அந்த ஒரு வசதிக்குத்தான் இவ்ளோ காசு குடுத்திருக்கோம். பிளைட்டுக்கும் ரூமுக்கும் குடுத்ததா நினைச்சது தப்பு. இதைச் சொல்றப்போ எனக்குக் கொஞ்சம் கேவலமாவும் இருக்கு. சொந்தக் கரையில அம்மா நனையறதுக்கு நாம விடல, அதுக்கு அக்காவோட ஒரு வருஷ போனஸ் ஆச்சு.

அதனால வெளிநாடு போறதை நான் குறை சொல்லல. போங்க, நல்லா போங்க. அங்க போயும் அதே மெரினா போஸ்ல அம்மாவைச் செருப்போட நிக்க வச்சீங்கன்னா, சத்தியமா அந்தக் காசு வேஸ்ட்.

இன்னொண்ணு. வரமாட்டேன்னு உண்மையாவே சொல்றவங்களைக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அது விளையாட்டு இல்ல, ஆபத்து. காவல் வேலையை அவங்ககிட்ட இருந்து வாங்கிக்கோங்க, மாத்துத் துணி எடுத்து வைங்க, ஒரு தடவை கேளுங்க. மிச்சத்தை அவங்க முடிவு பண்ணட்டும்.

சரி, கேட்ட லிஸ்ட் இதோ:

1. நனையற துணி, ஆளுக்கு ஒரு செட். புடவை, துப்பட்டா, நைட்டி வேணாம். நனைஞ்சா கனம், அலையில காலைச் சுத்தும். ஜீன்ஸும் அப்படித்தான், ஆம்பளைங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

2. நகையை வீட்டுல வைங்க. தண்ணியில விரல் சுருங்கும், மோதிரம் கழண்டா கடல் திருப்பித் தராது. எங்க அம்மாவும் சித்தியும் தாலியை மஞ்சள் கயித்துல கோத்துக்கிட்டாங்க. பிரச்சினை தீந்துது.

3. கரைக்கு ஒரே ஒரு பை. பாஸ்போர்ட், மிச்சப் பணம் எல்லாம் ரூம்ல பூட்டி வைங்க. தண்ணி புகாத சின்ன பவுச் ஒண்ணு இருந்தா ரூம் சாவியும் கொஞ்சம் காசும் கழுத்துலயே தொங்கும். காவல் ஆளே வேணாம். அப்படியும் வேணும்னா முறை வச்சு மாத்துங்க, ஆளுக்கு இருபது நிமிஷம்.

4. பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான் போகும், செக்-இன்ல போகாது. சன்ஸ்கிரீன், எண்ணெய், ஊறுகாய் எல்லாம் 100 மில்லிக்கு மேல கைப்பையில போகாது. சதுர முள் பிளக் வர்ற இடங்கள் இருக்கு, ஒரு அடாப்டர் வாங்கிக்கோங்க.

5. சன்ஸ்கிரீன் வாங்கறப்போ ஆக்ஸிபென்சோன் இல்லாததா பாத்து வாங்குங்க. பவளத்துக்குக் கெடுதல்னு ஹவாயில 2021ல இருந்து அதோட விற்பனைக்குத் தடை. நிலாவெளியில இருந்து படகுல புறாமலைத் தீவுக்குப் போனா பவளத்தைக் கிட்டத்துல பாக்கலாம். அது தேசியப் பூங்கா, டிக்கெட் தனி. பவளத்து மேல கால் வைக்கக் கூடாது. கரை முழுக்க உடைஞ்ச பவளத் துண்டு, வெறுங்கால் கிழிஞ்சிடும். பின்னாடி வார் வச்ச ரப்பர் செருப்பு எடுத்துக்கோங்க.

6. பணம். கார்டுல தேய்க்கறப்போ "இந்திய ரூபாயில பிடிக்கவா, உள்ளூர் ரூபாயில பிடிக்கவா?"ன்னு மெஷின் கேக்கும். உள்ளூர் ரூபாயைத் தேர்ந்தெடுங்க. நம்ம ரூபாயைத் தொட்டா அவங்க வச்ச ரேட்டுதான், பெரும்பாலும் நமக்கு நஷ்டம். 2024 பிப்ரவரியில இருந்து நம்ம யூபிஐயும் அங்க வந்திருக்கு, ஆனா சின்னக் கடைக்குக் கையில காசு வேணும். விசா விதி அடிக்கடி மாறுது, அரசாங்கத் தளத்துல மட்டும் பாருங்க.

7. புத்தர் படம் போட்ட டி-ஷர்ட் எடுத்துட்டுப் போகாதீங்க. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீங்க. அங்க அது பெரிய அவமரியாதை, வம்புல மாட்டிக்குவீங்க.

8. தண்ணியில: உள்ளூர்க்காரங்களைக் கேக்காம இறங்காதீங்க. சிவப்புக் கொடி இருந்தா இறங்கவே இறங்காதீங்க. குடிச்சுட்டு இறங்காதீங்க. கடல் உள்ள இழுத்தா கரையைப் பாத்து நேரா நீந்திக் களைச்சுப் போகாதீங்க. கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்குத் திரும்புங்க. நீச்சல் தெரியாதவங்களுக்கு இடுப்பளவுதான் எல்லை. ஜோசியர் சொன்ன கண்டத்தை விட இந்த அஞ்சு விதி ரொம்ப முக்கியம்.

9. ரைஸ் குக்கர் வேணாம். ப்ளீஸ்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கருநீல செட்டை அம்மா நல்ல தண்ணியில மூணு தடவை அலசிக் காயப் போட்டாங்க. அக்கா, "இனிமே எங்க போடப் போறீங்க, யாருக்காச்சும் குடுத்துடலாமா?"ன்னு சும்மா சீண்டிப் பாத்தா. அம்மா பதில் சொல்லாம மடிச்சு பீரோவுல, பட்டுப் புடவைக்குக் கீழ வச்சுட்டாங்க. அடுத்த தடவை தரங்கம்படி போகலாம்னு அப்பா பேச்செடுத்திருக்கார். அங்க எங்க சொந்தக்காரங்க ரெண்டு குடும்பம் இருக்கு. அம்மா அங்க அதைப் போடுவாங்களான்னு தெரியல. நான் செருப்புக்குக் காவல் இருக்க ரெடி.

உங்க வீட்டுல பெட்டி கட்டறப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க மக்கா: "அம்மாவுக்கு நனையற துணி எடுத்து வச்சாச்சா?"

அம்புட்டுதேன். வரட்டா!